தாயகம் திரும்பிய வீரர்

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே தாழ்ந்து கடலை நெருங்கும் இடத்தில், பசும்பாய் விரித்தாற்போல் விளங்கும் நிலப்பகுதி நாஞ்சில் நாடு. தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களும் சேர்ந்ததே பழைய நாஞ்சில் நாடாகும். பழையாறும் அதன் கால்களும் பாய்ந்து வளம் செய்யும் இந்நாட்டில், கன்னிப்பூ, கும்பப்பூ என ஆண்டுக்கு இருமுறை நெல் விளையும். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று இது நெடுங்காலம் போற்றப்பெற்றது. 1956 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் இப்பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் பகுதியாயிற்று.

இந்நாட்டு வயல்களில் தம் உடலின் சாம்பலைத் தூவ வேண்டும் என்று, கடல் பல கடந்த பெர்லின் நகரிலிருந்து ஒருவர் விரும்பினார். அவ்விருப்பத்தை நெஞ்சில் ஏற்ற அவருடைய மனைவியார், சாம்பல் நிறைந்த கலத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் காத்து வைத்திருந்தார். அவ்வாறு விரும்பியவர் செண்பகராமன் பிள்ளை. பதினேழாம் வயதளவில் தாயகத்தை விட்டு நீங்கி, உலகப் போரின் நடுவே பகைவனுக்குப் பகைவன் நாட்டில் இருந்துகொண்டு இந்திய விடுதலைக்கு உழைத்தவர் அவர்.

இளமை

செண்பகராமன் 1891 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15 ஆம் நாள் திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தையார் சின்னசாமிப் பிள்ளை, தாயார் நாகம்மாள். இவர்கள் நாஞ்சில் நாட்டைப் பூர்விகமாகக் கொண்ட தமிழ் வேளாளர் குடும்பத்தினர். தந்தையார் திருவிதாங்கூர் அரசின் காவல் துறையில் பணியாற்றினார். அக்காலத்தில் நாஞ்சில் நாட்டார் பலர் கல்வியும் அரசுப் பணியும் நாடித் தலைநகராகிய திருவனந்தபுரத்தில் குடியேறுவது வழக்கம். அங்கு வாழ்ந்தாலும் அவர்கள் தம் ஊரையும் உறவையும் மறந்தாரல்லர். அறுவடைக்கும் திருவிழாவுக்கும் ஊர் செல்வதும், ஊர் நெல்லே உலையில் கொதிப்பதும் அவர்கள் வாழ்வில் இயல்பாய் அமைந்தவை.

செண்பகராமன் பள்ளியிற் பயின்ற காலம் நாடெங்கும் சுதேசி இயக்கம் பரவிய காலமாகும். 1906 ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கழகத்தை நிறுவினார். 1908 ஆம் ஆண்டில் அவரும் சுப்பிரமணிய சிவாவும் சிறைப்பட்டனர். திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் மூண்ட அத்தீயின் வெம்மை இப்பாலும் வீசாதிருக்குமா? இளைஞர் பலருடைய உள்ளத்தை அது சுட்டது. அவர்களுள் செண்பகராமனும் ஒருவர்.

நாடு நீங்கல்

அந்நாளில் திருவனந்தபுரத்துக்கு வால்டர் ஸ்டிரிக்லாந்து என்னும் ஆங்கிலேயர் வந்திருந்தார். அவர் செடி கொடிகளையும் உயிரினங்களையும் ஆராய்பவர், உயர்குடியிற் பிறந்தவர், எனினும் தம் நாட்டவர் பிற நாடுகளை அடக்கி ஆள்வதை வெறுத்தவர். அவருடைய நட்பு செண்பகராமனுக்கும், உறவினராகிய பத்மநாபன் என்பவருக்கும் வாய்த்தது. 1908 ஆம் ஆண்டில் அவ்விருவரையும் அவர் ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார்.

கப்பல் கொழும்பை அடைந்தபோது பத்மநாபன் மனம் மாறி ஊர் திரும்பினார். அவரைக் குறை கூறுதல் தகாது. பிறந்த மண்ணைப் பிரிதல் எத்துணை அரிது என்பதை அவர் கொழும்பிலேயே உணர்ந்துவிட்டார். செண்பகராமனோ மேலே சென்றார். தாயையும் தந்தையையும் விட்டு அன்று புறப்பட்ட அவர், அதன்பின் உயிரோடு தாயகம் திரும்பவே இல்லை.

ஐரோப்பாவில் இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் அவர் கல்வி கற்றார். சூரிச் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பயின்றார். ஐரோப்பிய மொழிகளையும் கற்றுத் தேர்ந்தார். சுவிட்சர்லாந்து எப்பக்கமும் சேராத நடுநிலை நாடு. ஆதலால் தம் நாட்டு ஆட்சியாளருக்கு அஞ்சி வெளியேறியோர் பலர்க்கு அது புகலிடமாக இருந்தது. ரஷ்யப் புரட்சியாளரும், நாடிழந்த போலந்து மக்களும் அங்கு வாழ்ந்தனர். லெனினும் பிற்பாடு சூரிச் நகரில் தங்கியவரே. நாடற்றோர் நடுவே வாழ்ந்த செண்பகராமனுக்கு ஓர் உண்மை புலனாயிற்று. அடிமைப்பட்ட நாட்டின் துயரை உலகம் தானாக அறிந்துகொள்ளாது. அதனை எடுத்துரைக்க ஒருவர் வேண்டும். எனவே 1914 ஆம் ஆண்டில் இந்தியாவின் சார்பாகப் பேசும் பன்னாட்டுக் கழகம் ஒன்றைச் சூரிச் நகரில் நிறுவினார். 'புரோ இந்தியா' என்னும் இதழையும் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

போரும் பெர்லின் குழுவும்

1914 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் முதல் உலகப் போர் மூண்டது. பிரிட்டனும் ஜெர்மனியும் எதிரெதிரே நின்றன. பிரிட்டன் தளர்ந்தால் இந்தியா விடுதலை பெறலாம் என்று வெளிநாடுகளில் வாழ்ந்த இந்தியப் புரட்சியாளர் எண்ணினர். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் செண்பகராமன் சுவிட்சர்லாந்திலிருந்து பெர்லினுக்குச் சென்றார். அங்கு அமைந்த இந்திய விடுதலைக் குழுவில் அவரும் ஒருவரானார்.

அக்குழுவைப் 'பெர்லின் குழு' என்று வரலாறு வழங்கும். கவியரசி சரோஜினியின் உடன்பிறந்தவராகிய வீரேந்திரநாத் சட்டோபாத்தியாயர், விவேகானந்தரின் இளவல் பூபேந்திரநாத் தத்தர், அறிஞர் ஹர்தயாள், மௌல்வி பரக்கத்துல்லா முதலியோர் அக்குழுவில் உழைத்தவர்கள். வங்காளியும் பஞ்சாபியும் தமிழரும், இந்துவும் முஸ்லிமும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரே நாட்டைப் பற்றிப் பேசினர். தாயகத்தில் மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்டு நின்றோரை அயல்நாட்டுக் குளிர் ஒன்றாக்கியது எனலாம்.

குழுவினர் செய்த பணிகள் பல. துண்டு வெளியீடுகளை அச்சிட்டனர். 1915 ஆம் ஆண்டில் ஜெர்மானியத் தூதுக்குழு ஒன்று ஆப்கானிஸ்தானத்துக்குச் சென்றபோது, ராஜா மகேந்திர பிரதாப்பும் பரக்கத்துல்லாவும் உடன் சென்றனர். அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் காபூல் நகரில் இந்தியாவின் இடைக்கால அரசு ஒன்று அறிவிக்கப்பட்டது. மகேந்திர பிரதாப் அதன் தலைவர். பரக்கத்துல்லா அதன் முதலமைச்சர். வெளிநாட்டு உறவைக் கவனிக்கும் பொறுப்பு செண்பகராமனுக்கு உரியதாயிற்று என வரலாற்று நூல்கள் கூறும். சொந்த மண்ணில் ஓர் அடி நிலமும் இல்லாத அரசு அது. எனினும், இந்தியர் தம்மைத் தாமே ஆளத் துணிந்தனர் என்னும் செய்தியை அது உலகுக்கு உரைத்தது.

வேறொரு பணி, கேட்போர் நெஞ்சை உருக்குவதாகும். அப்போரில் பிரிட்டனின் பக்கம் நின்று பொருத, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டோர் பெர்லினுக்குத் தெற்கே உள்ள வூன்ஸ்டார்ப் என்னும் ஊரின் முகாமில் வைக்கப்பட்டனர். அவர்களை விடுதலைப் போரில் சேருமாறு பெர்லின் குழுவினர் அழைத்தனர். உடன்பட்டோர் மிகச் சிலரே. வீரர்களுக்கு ஊரில் வயதான பெற்றோரும் மனைவி மக்களும் இருந்தனர். 1916 ஆம் ஆண்டில் அம்முகாமில் ஜெர்மானிய மொழியறிஞர்கள் கைதிகளின் பேச்சை இசைத்தட்டில் பதிவு செய்தபோது, பஞ்சாபி வீரர் ஒருவர், ஊரில் வெண்ணெய் உண்டு வளர்ந்ததை நினைந்து, மீண்டும் அங்குச் செல்ல வேண்டும் என்று ஏங்கிப் பேசினார். அக்குரல் இன்றளவும் பெர்லினில் காக்கப்படுகிறது. பிரிட்டனுக்காகப் போரிட வந்து சிறைப்பட்டவரும், பிரிட்டனை எதிர்க்க வந்து அயலகத்தில் தங்கியவரும் ஒரே நகரின் அருகே, ஒரே வகை ஏக்கத்தோடு வாழ்ந்தனர்.

எம்டன் கப்பல்

செண்பகராமன் பெயரைக் கேட்டவுடன் தமிழ் மக்கள் நினைப்பது எம்டன் கப்பலையே. 1914 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22 ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலாகிய எம்டன் சென்னைக் கடற்கரையை நெருங்கியது. விளக்கொளியைப் பாய்ச்சி, ஏறத்தாழ 130 குண்டுகளைச் சில நிமிடங்களில் பொழிந்தது. துறைமுகத்தருகே இருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றி எரிந்தன. மக்கள் அஞ்சி நகரை விட்டு ஓடினர். சூரியன் மறையாத பேரரசு எனப்பட்டதன் வாயிற்படியிலேயே பகைவன் வந்து போனான் என்னும் வியப்பு நாடெங்கும் பரவியது. அன்று முதல், எவருக்கும் அடங்காத வல்லவனை 'அவன் ஓர் எம்டன்' என்று கூறும் வழக்குத் தமிழில் உண்டாயிற்று.

அக்கப்பலில் செண்பகராமனும் இருந்தார் என்றும், பொதுமக்களுக்குத் தீங்கு நேராவண்ணம் குண்டு வீசுமாறு வழிகாட்டினார் என்றும் மக்கள் கூறுவதுண்டு. திண்ணைகளிலும் மேடைகளிலும் வழங்கிய அக்கதை இனியது. ஆனால் வரலாறு அதனை ஏற்கவில்லை. எம்டன், சீனக் கடற்கரையிலிருந்த சிங்டாவ் என்னும் ஜெர்மானியத் துறையிலிருந்து புறப்பட்ட கப்பலாகும். அக்காலத்தில் செண்பகராமன் சுவிட்சர்லாந்தில் இருந்தார். சென்னையைத் தாக்கிய எம்டனும் அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 9 ஆம் நாள், கொக்கோசுத் தீவுகளின் அருகே 'சிட்னி' என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பலால் அழிந்தது.

பின், மக்கள் ஏன் அவ்வாறு நம்பினர்? அயலகத்தில் தம்மவர் ஒருவர் விடுதலைக்காக உழைக்கிறார் என்பதை அவர்கள் கேள்வியுற்றனர். அவர் என்றேனும் ஒருநாள் கடல்வழியே வருவார் என்று எதிர்பார்த்தனர். கடல்வழியே வந்த கப்பலில் அவரை ஏற்றி வைத்தனர். எம்டன் கதையில் உண்மையாக இருப்பது மக்களின் அந்த எதிர்பார்ப்பே. செண்பகராமனின் பெருமைக்கு அக்கதை வேண்டுவதில்லை. குண்டு வீச்சு சில நிமிடச் செயல். இருபத்தாறு ஆண்டு அயலக வாழ்வோ நாள்தோறும் செய்த தவம்.

புகலிடத்தின் விலை

1918 ஆம் ஆண்டு நவம்பரில் ஜெர்மனி தோல்வியுற்றது. பெர்லின் குழுவும் கலைந்தது. அதற்கு முன்பே, அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குப் படைக்கலம் அனுப்பச் செய்த முயற்சி வீணாயிற்று. 'ஆனி லார்சன்' என்னும் கப்பலில் ஏற்றிய துப்பாக்கிகளை 1915 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசினர் கைப்பற்றினர். போரில் வென்ற பிரிட்டன் இந்தியாவில் முன்னினும் வலிமையோடு நின்றது. செண்பகராமன் தாயகம் திரும்ப வழியில்லை. அவர் பெர்லினிலேயே தங்கித் தொழிற்சாலையில் தொழில்நுட்பப் பணி செய்து வாழ்ந்தார்.

அந்நியன் ஒருவனை வெல்ல மற்றோர் அந்நியனை நாடினால், உதவி செய்பவன் தன் பயனைக் கருதியே செய்வான். தன் பயன் முடிந்ததும் கைவிடுவான். புகலிடம் பெற்றவன் நன்றிக்கடனுக்கும் தன்மானத்துக்கும் இடையே ஒவ்வொரு நாளும் வழி தேடியாக வேண்டும். இச்சோதனை செண்பகராமனுக்குப் பிற்காலத்தில் கடுமையாக வந்தது. அடால்ப் ஹிட்லர் இந்திய விடுதலை வீரரை இகழ்ந்தும், இந்தியா பிரிட்டனின் ஆட்சியில் இருப்பதே மேல் என்றும் தம் நூலில் எழுதியவர். ஜெர்மனியில் அவர் கட்சி ஓங்கி வந்தபோது, அவர் இந்தியரைத் தாழ்த்திப் பேசியதைச் செண்பகராமன் கண்டித்தார் என்றும், வருத்தம் தெரிவிக்குமாறு வற்புறுத்தினார் என்றும் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் கூறுவர். தமக்கு இருக்க இடம் தந்த நாட்டில், ஆட்சியை நெருங்கிக்கொண்டிருந்த ஒருவரை எதிர்த்துப் பேசுதல் எளிதன்று. பேசாதிருந்தால் வாழ்வு அமைதியாகக் கழிந்திருக்கும். 1933 ஆம் ஆண்டில் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஆண்டு மே மாதத்தில், தம் நாற்பத்திரண்டாம் வயதில், செண்பகராமன் பெர்லினில் நோயுற்று உயிர் நீத்தார்.

நாடிழந்து அயலார் கொடியின்கீழ் நிற்போரின் துயர் இது. உலகில் வேறு பலரும் இதனை நுகர்ந்தனர். 1939 ஆம் ஆண்டு செப்டம்பரில் போலந்து நாட்டை ஜெர்மனியும் சோவியத்து நாடும் பங்கிட்டுக்கொண்டன. அந்நாட்டு விமானிகள் ருமேனியா வழியாகப் பிரான்சுக்குச் சென்றனர். பிரான்சும் வீழ்ந்தபின் பிரிட்டனை அடைந்தனர். 1940 ஆம் ஆண்டில் பிரிட்டனின் வானில் நிகழ்ந்த பெரும்போரில் 145 போலந்து விமானிகள் பொருதனர். அவர்களுடைய 303 ஆம் அணி, பகை விமானங்களை வீழ்த்துவதில் முன்னணியில் நின்றது. போர் வெற்றியில் முடிந்தது. ஆயினும் போலந்து சோவியத்து ஆதிக்கத்தில் விடப்பட்டது. வென்ற வீரருள் பலர் தம் ஊருக்குத் திரும்ப இயலாமல் அயலகத்திலேயே முதுமை எய்தினர். செண்பகராமன் ஜெர்மனியின் துணையை நாடிப் பிரிட்டனை எதிர்த்தவர். அவர்களோ பிரிட்டனின் பக்கம் நின்று ஜெர்மனியை எதிர்த்தவர்கள். அணி வேறு, ஏக்கம் ஒன்றே.

பெர்லின் குழுவினரின் முடிவும் அத்தகையதே. பரக்கத்துல்லா 1927 இல் அமெரிக்காவில் மறைந்தார். வீரேந்திரநாத் 1937 இல் மாஸ்கோவில் கொல்லப்பட்டார். சென்னையிற் பிறந்து அக்குழுவோடு உழைத்த எம். பி. டி. ஆசாரியார் 1935 இல் நாடு திரும்பும் பேறு பெற்றார். மகேந்திர பிரதாப் 1946 இல் திரும்பினார்.

இலட்சுமிபாயின் காவல்

செண்பகராமன் 1931 ஆம் ஆண்டில் இலட்சுமிபாய் என்பவரைப் பெர்லினில் மணந்தார். அம்மையார் மணிப்பூரைச் சேர்ந்தவர் என்பர். அவர்தம் இல்லறம் மூன்றாண்டே நீடித்தது. தம் சாம்பலில் ஒரு பகுதியைத் தாயின் சாம்பல் கரைந்த கரமனை ஆற்றிலும், எஞ்சியதை நாஞ்சில் நாட்டு வயல்களிலும் சேர்க்க வேண்டும் என்பது செண்பகராமனின் இறுதி விருப்பம். உயிரோடு இருந்தபோது, விடுதலை பெற்ற இந்தியாவின் கொடி பறக்கும் போர்க்கப்பலில் தாயகம் திரும்ப வேண்டும் என்று அவர் கூறி வந்ததும் உண்டாம்.

இலட்சுமிபாய் கணவரின் சாம்பலோடு இந்தியா வந்து பம்பாயில் வாழ்ந்தார். அப்போதே அதனை ஆற்றில் கரைத்திருக்கலாம். ஆனால் அன்று இந்நாட்டில் பறந்தது பிரிட்டனின் கொடி. ஆதலால் அவர் காத்திருந்தார். 1947 ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றது. அதன் பின்னும் அவர் காத்திருந்தார். கணவரின் வேண்டுகோள் அவர் விரும்பியவாறே நிறைவேற வேண்டும் என்பது அம்மையாரின் உறுதி. செண்பகராமன் இருபத்தாறு ஆண்டு அயலகத்தில் வாழ்ந்தார். அவருடைய சாம்பலை அம்மையார் முப்பத்திரண்டு ஆண்டு காத்தார். வீரத்தைப் பற்றி எழுதுவோர் இக்காவலையும் வீரமென்றே எழுத வேண்டும்.

1966 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அந்நாள் வந்தது. இந்தியக் கடற்படையின் 'டில்லி' என்னும் போர்க்கப்பல் செண்பகராமனின் சாம்பலைத் தாங்கிப் பம்பாயிலிருந்து கொச்சித் துறைமுகத்தை அடைந்தது. அக்கப்பல் ஆங்கிலேயர் கட்டியதே. 'அக்கிலீசு' என்னும் பெயரோடு இரண்டாம் உலகப் போரில் பொருத அது, 1948 ஆம் ஆண்டில் இந்தியக் கடற்படைக்கு வந்தது. எந்தப் பேரரசை எதிர்த்துச் செண்பகராமன் நாடு நீங்கினாரோ, அப்பேரரசின் கப்பல் ஒன்று, இந்தியக் கொடியைப் பறக்கவிட்டு, அவரைத் தாயகத்துக்குக் கொண்டுவந்தது.

சாம்பலின் ஒரு பகுதி கரமனை ஆற்றில் கரைக்கப்பட்டது. பின்னர் அரசு மரியாதையோடு கன்னியாகுமரியில் எஞ்சிய கடன்கள் நிறைவேறின. 1908 ஆம் ஆண்டில் கடல்வழியே சென்ற இளைஞர், ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப்பின் கடல்வழியே திரும்பினார். இலட்சுமிபாய் 1972 ஆம் ஆண்டில் மறைந்தார். பிற்காலத்தில் சென்னை கிண்டியிலுள்ள காந்தி மண்டப வளாகத்தில் செண்பகராமனுக்குச் சிலை நிறுவப்பட்டது.

மக்கள் கற்பனையில் எம்டன் கப்பலில் வந்த செண்பகராமன், உண்மையில் டில்லிக் கப்பலில் வந்தார். முதற் கப்பல் தீயைக் கொண்டுவந்தது; அடுத்த கப்பல் ஒரு பிடி சாம்பலைக் கொண்டுவந்தது. நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளையும்போதெல்லாம், அம்மண்ணோடு சேர ஏங்கிய ஒருவரை அந்நாட்டார் நினைத்தல் தகும்.

பயிற்சி

1. செண்பகராமன் சூரிச் நகரில் செய்த பணிகள் யாவை?
2. காபூலில் அமைந்த இடைக்கால அரசைப் பற்றி நீ அறிந்தன கூறுக.
3. எம்டன் கப்பலில் செண்பகராமன் வந்தார் என்பதை வரலாறு ஏற்காமைக்குக் காரணம் யாது? மக்கள் அதனை நம்பியது ஏன்?
4. போலந்து விமானிகளின் வாழ்வும் செண்பகராமனின் வாழ்வும் ஒத்த இடங்களையும் வேறுபட்ட இடங்களையும் எடுத்தெழுதுக.
5. 'காத்திருத்தலும் வீரமே.' இலட்சுமிபாயின் வாழ்வைக் கொண்டு இதனை விளக்குக.